துண்டு போட்ட இடங்கள்

‘ஸ்டார்ட்டிங் கர்னல்’ என்று ஒரு வரி. அதையடுத்து மூன்று புள்ளி. அதோடு சரி. சீரியல் கேபிளின் இந்தப் பக்கம் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். புது போர்டுகளுக்கு உயிர் கொடுக்கும் வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்த மூன்று புள்ளியைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். போர்டிலிருந்து புகை வந்தால்கூடத் தேவலை, எந்தச் சிப்பைத் தொட்டுப் பார்ப்பது என்று ஒரு துப்பாவது கிடைக்கும். இதில் அதுவும் இல்லை.

பூட்லோடர் கர்னலை நினைவகத்தில் இறக்கி அதன் முதல் கட்டளைக்குத் தாவிவிட்டது. இனி அது திரும்பி வராது. கர்னலோ இன்னும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்க கன்சோல் வேண்டும், கன்சோலுக்கு டிரைவர் வேண்டும், டிரைவருக்கு நினைவகம் வேண்டும், நினைவகத்தைப் பங்கு போட வேண்டியவர் இன்னும் வேலைக்கே வந்து சேரவில்லை. 2008-இல் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அன்றிலிருந்து வாங்கிய சம்பளத்தில் பாதியாவது, ஒரு விநாடிகூட நீடிக்காத அந்த இடைவெளிக்காகத்தான் இருக்கும்.

வெளியாட்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸில் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து விநியோகிப்பது ‘கூட்டாளி முறை’. 1965-இல் பெல் ஆய்வகத்தின் கென்னத் நோல்ட்டன் வெளியிட்ட உத்தி. பெரிய துண்டை இரண்டாக வெட்டு, வேண்டுமானால் அதில் ஒன்றை இன்னும் இரண்டாக வெட்டு, துண்டு திரும்பி வரும்போது அதன் கூட்டாளி காலியாக இருந்தால் இரண்டையும் மறுபடி ஒட்டிவிடு. அறுபது வருடமாக அசையாமல் நிற்கிறது. ஆனால் இந்த முறை நடக்க, ஒவ்வொரு பக்கத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும்: எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம். 32 பிட் ஆர்ம் போர்டில் ஒரு குறிப்பு 32 பைட். 512 எம்பியில் 1,31,072 பக்கம் இருப்பதால் குறிப்பேடு மட்டும் 4 எம்பி. 64 பிட் சர்வரில் குறிப்பு பொதுவாக 64 பைட். 16 ஜிபி பொருத்தியிருந்தால் குறிப்பேட்டுக்கே 256 எம்பி போய்விடும்.

நினைவகத்தைப் பங்கு போடக் குறிப்பேடு வேண்டும், குறிப்பேட்டை வைக்க நினைவகம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, பெரிய கணக்குப்பிள்ளை வரும்வரை கல்லாவில் உட்காரும் தற்காலிக ஆள்தான் மெம்பிளாக்.

அதன் மொத்த மூலதனம் இரண்டு பட்டியல். இந்த இயந்திரத்தில் நினைவகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஒன்று. அதில் எந்தெந்த இடம் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் கர்னலின் உடம்போடு சேர்த்தே தைத்த அட்டவணைகள், தலா 128 வரி. யாராவது 4 எம்பி கேட்டால், முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாத ஓர் இடத்தை மேல் முகவரியிலிருந்து கீழ்நோக்கித் தேடும். கிடைத்ததும் இரண்டாம் பட்டியலில் ஒரு வரி எழுதும், முகவரியைக் கையில் கொடுக்கும். அவ்வளவுதான் வேலை. கொடுப்பதும் ‘பிடிபட்டது’ என்று எழுதுவதும் அதற்கு ஒரே காரியம்.

கடைசி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான் இது. கர்னல் தான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தானே ஒரு துண்டு போட்டுக்கொள்ளும். பூட்லோடர் கொண்டுவந்து வைத்த டிவைஸ் ட்ரீக்கு ஒன்று, இனிட்ராம்டிஸ்க் இருந்தால் அதற்கு ஒன்று, ஜிபியுவோ டிஎஸ்பியோ தனக்கென்று வைத்துக்கொண்ட பகுதிக்கு ஒன்று. இத்தனையும் போட்டு முடித்த பிறகுதான் முதல் ஆளுக்கு இடம் கொடுக்கலாம். துண்டு போட மறந்த இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள், சண்டை அப்போது வராது. பத்து நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு ஊரில் வரும்.

என் முதல் அடி இப்படி ஒரு துண்டுக்கும் முன்னால் விழுந்தது. 2012 வாக்கில், பெங்களூரில் நான் இருந்த சின்ன நிறுவனத்தில், லாக் சிக்கல் ஒன்றைத் துரத்துவதற்காக லாக்டெப் என்ற பரிசோதனை வசதியைக் கர்னலில் போட்டுக் கட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஓடிய போர்டு, மூன்று புள்ளியோடு நின்றுவிட்டது. வசதியை எடுத்தால் ஓடுகிறது, போட்டால் ஓடவில்லை. கர்னல் கோப்பின் அளவு பெரிதாக மாறவும் இல்லை.

இந்த இடத்தில் தொழில் ரகசியம் ஒன்று. கர்னல் பேசவில்லை என்று நாம் நினைக்கும்போதும் அது உள்ளுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கும். கன்சோல் இல்லாததால் நமக்குக் கேட்பதில்லை. பேசுவதையெல்லாம் ஒரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்த இடத்தின் முகவரி, கர்னலைக் கட்டும்போது உண்டாகும் சிஸ்டம் மேப் கோப்பில் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டிக்காமல் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தினால் ராமில் இருப்பது பெரும்பாலும் அழியாது. பூட்லோடர் எழுந்ததும் அதன் ‘எம்டி’ கட்டளையால் அந்த முகவரியைப் புரட்டினால், செத்துப்போன கர்னலின் கடைசி வார்த்தைகளைப் படிக்கலாம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஹார்டுவேர் பக்கம் இருந்த ஒரு பெரியவர். “தம்பி, பொணத்துக்கிட்ட கேக்கணும்னா ஜேடாக் வாங்க காசு வேணும்னு இல்ல” என்பார்.

புரட்டினேன். ‘இந்த இயந்திரத்தை எனக்குத் தெரியாது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. காலையில் தெரிந்த இயந்திரம் மதியம் எப்படித் தெரியாமல் போகும்? டிவைஸ் ட்ரீ வைத்த முகவரியைப் புரட்டினேன். வரிசையாகப் பூஜ்யம். இயந்திரத்தை வர்ணிக்கும் ஏடே வெள்ளைத்தாளாகிக் கிடந்தது.

காரணம் பிஎஸ்எஸ். தொடக்க மதிப்பு இல்லாத மாறிகளுக்கான பகுதி அது. கோப்பில் அதற்கு இடமே கிடையாது, ‘இவ்வளவு வேண்டும்’ என்று ஒரு எண்தான் இருக்கும். கர்னல் எழுந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, தன் உடம்பு முடியும் இடத்திலிருந்து அந்த அளவுக்குப் பூஜ்யம் எழுதுவது. கர்னல் தொடங்கும் இடத்திலிருந்து 8 எம்பி தள்ளி டிவைஸ் ட்ரீயை இறக்கி வைத்திருந்தேன். கர்னல் 6 எம்பியும் சில்லறையும், போதும் என்று நினைத்தேன். லாக்டெப் தன் அட்டவணைகளுக்காகச் சத்தமில்லாமல் சில எம்பி பிஎஸ்எஸ் கேட்டிருக்கிறது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தன் ஜாதகத்தையே அழித்துவிட்டு, பிறகு அதைத் தேடிக்கொண்டிருந்தது கர்னல். மெம்பிளாக் அப்போது முதல் வரிகூட எழுதியிருக்கவில்லை. முகவரியை மேலே தள்ளி வைத்ததும் சரியாயிற்று. அன்றிலிருந்து கோப்பின் அளவை நம்புவதில்லை, சைஸ் கட்டளையைப் போட்டு பிஎஸ்எஸ் என்ற பத்தியைப் பார்த்துவிட்டுத்தான் முகவரி எழுதுகிறேன்.

முன்காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிப்பதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக்கு, இயந்திரத்தில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று சொல்ல யாருமில்லை. அது தானே நடந்து பார்த்தது. பிடிபி-11-இல் 64 பைட் துண்டு துண்டாக ஏறிக்கொண்டே போகும், ஒரு பைட்டைப் படித்துப் பார்க்கும், கிடைத்தால் துண்டைச் சுத்தம் செய்து காலிப் பட்டியலில் போடும். எங்கே படிக்க முடியாமல் தடுக்குகிறதோ அதுதான் எல்லை. இருட்டில் கையை நீட்டிச் சுவரைத் தேடுவதுபோல. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் அந்தக் கர்னலுக்கு எழுதிய உரை பல வருடம் ஜெராக்ஸ் பிரதியாகவே கைமாறி, 1996-இல்தான் கடையில் விற்கும் புத்தகமாயிற்று. அந்த உரையோடு உட்கார்ந்தபோது, மெயின் ஃபங்ஷனின் முதல் சில வரிகளிலேயே நான் நாள்பூராவும் செய்யும் வேலை மொத்தமும் இருப்பதைப் பார்த்தேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

லினக்ஸ் 2.2 வரை வேறு ஒரு முறை. காலி இடம் இந்த முகவரியில் தொடங்குகிறது என்று ஒரு எண்ணை ஒவ்வொரு துவக்க ஃபங்ஷனிடமும் கொடுப்பார்கள். அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சம் தொடங்கும் எண்ணைத் திருப்பித் தரும். அதை அடுத்தவரிடம் கொடுப்பார்கள். பந்தியில் சாதக்குண்டான் கைமாறிப் போகும் மாதிரி. எடுத்ததைத் திருப்பிப் போட வழி கிடையாது, நடுவில் ஒரு ஓட்டை இருந்தால் தாண்டவும் தெரியாது. 1999-இல் இங்கோ மோல்னார் பூட்மெம் எழுதினார். பக்கத்துக்கு ஒரு பிட், பிடிபட்டால் 1, காலியென்றால் 0. 512 எம்பிக்கு 16 கேபி போதும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆர்மில் இதுதான் இருந்தது. அந்த 16 கேபியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் ஒரு குட்டிக் கணக்கு தனியாக ஓடும், கர்னல் முடியும் இடத்துக்கு அப்பால், இனிட்ராம்டிஸ்க் மேல் பட்டுவிடாமல். முடிச்சை அவிழ்க்க வந்தவரின் வேட்டியிலேயே ஒரு முடிச்சு.

மெம்பிளாக் பவர்பிசியிலிருந்து வந்தது. ஐபிஎம்மின் பீட்டர் பெர்க்னர் 2001-இல் வேறு பெயரில் எழுதிய சிறு நிரல், 2010-இல் இன்றைய பெயர் பெற்று மற்ற இயந்திரங்களுக்கும் பரவியது. சில வருடம் இரண்டும் அருகருகே ஓடின. 2018-இல் மைக் ராப்போபோர்ட் பூட்மெம்மை முழுதாக எடுத்துவிட்டார், 4.20-இல் அது இல்லை. எனக்கு வருத்தமில்லை. மெம்பிளாக்கிடம் ஒரு குணம் பிடிக்கும்: கட்டளை வரியில் மெம்பிளாக் டீபக் என்று போட்டுவிட்டால், யார் எந்த ஃபங்ஷனிலிருந்து எவ்வளவு பிடித்தார் என்று ஒவ்வொரு வரியாக ஒப்பிக்கும். துண்டுக்குச் சொந்தக்காரர் பெயரோடு.

பிசி உலகத்தில் நான் அதிகம் புழங்கவில்லை. அங்கே பயாஸிடம் கேட்டால் இ820 என்ற பட்டியலைக் கொடுக்கும், இந்த இடம் உனக்கு, இந்த இடம் தொடாதே என்று. அதற்கு முந்தைய கேள்வி முறை ஒன்று கேபி கணக்கில் 16 பிட்டில் பதில் சொல்லும், அதனால் 64 எம்பிக்கு மேல் அதற்குச் சொல்லவே வராது. பிசியில் என் அனுபவம் ஒரு அவமானம்தான். வீட்டில் 8 ஜிபி பழைய பெட்டி, ஒரு டிம்மில் எங்கோ ஒரு பிட் செத்திருந்தது. புதிது வாங்க மனசில்லாமல், அந்த பிட்டைச் சுற்றி 64 எம்பியை மட்டும் தொடாதே என்று கர்னல் கட்டளை வரியில் எழுதினேன். அளவுக்கும் முகவரிக்கும் நடுவே டாலர் குறி வர வேண்டும். டாலர் குறியைத் தனக்கு வந்த மொய்யென்று நினைத்து கிரப் என்ற பூட்லோடர் விழுங்கிவிட்டது. கர்னலுக்குப் போய்ச் சேர்ந்தது 64 எம்பி என்ற அளவு மட்டும். மொத்த நினைவகமே இவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டு மூச்சுத் திணறிச் செத்தது. ஊரார் போர்டையெல்லாம் எழுப்பிவிட்டு, சொந்தப் பெட்டி முன்னால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

இனி, சொல்ல வந்த கதை.

2019. புது நிறுவனம், புது போர்டு. 32 பிட் ஆர்ம், 512 எம்பி, கர்னல் 4.19. வாடிக்கையாளர் தன் தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டையும் நெட்வொர்க் வழியாக பூட் செய்து சோதிப்பார், ஆகவே நாங்களும் அப்படியே சோதித்தோம். முப்பது பூட்டில் ஒன்று சாகும். ஒருநாள் எழுந்த மூன்றாவது விநாடியில், ஒருநாள் அரை மணி கழித்து. பெரும்பாலும் ‘பேட் பேஜ் ஸ்டேட்’ என்று வரும். கூட்டாளி முறை ஒரு பக்கத்தைக் கொடுக்கப் போகும்போது அதன் குறிப்பைப் பார்க்கும். காலிப் பக்கத்தை யாரும் பிடித்திருக்கக் கூடாது, எண்ணிக்கை 0 இருக்க வேண்டும். வேறு எதாவது இருந்தால் இப்படிக் கத்தும்.

இப்படிக் கத்தினால் யாரும் முதலில் கைகாட்டுவது ராமைத்தான். நானும் காட்டினேன். டிடிஆர் டைமிங் சரியில்லை என்று ஹார்டுவேர் குழுவைப் படுத்தி எடுத்தேன். இரண்டு நாள் இரவு பகலாக மெமரி டெஸ்ட் ஓடியது. ஒரு பிழை இல்லை. அந்த டெஸ்டை எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்து ஓட்டினோம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. எஸ்டி கார்டில் எழுந்தால் போர்டு சாவதே இல்லை என்பதையும் நான் குறித்து வைத்திருந்தேன், ஆனால் நெட்வொர்க்கில் எழும்போது ராம்டிஸ்க் பெரிது, அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் குழுவில் மூத்த பெண் ஒருவர். நெட்வொர்க் டிரைவர்தான் அவர் பிழைப்பு, மெமரி பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். நான் ஒட்டி வைத்திருந்த பூட் பட்டியலைக் காபி டம்ளரோடு வந்து பார்த்தார்.

“நைட்ல ஒண்ணுகூட சாகலையேப்பா?”

“நைட்ல கொஞ்சம்தான் மேடம் ஓட்டினோம்.”

“இருநூறு பூட் ஓடியிருக்கு. ஒண்ணுகூட இல்ல. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பாரு, கூட்டமா சாவுது.”

உண்மைதான். சூடு என்றேன், பகலில் ஏசி தாங்கவில்லை என்றேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். நான் திரும்பவும் பதிவுகளைப் புரட்டினேன். கத்தும் பக்கங்களில் இருந்த எண்ணிக்கைகள் வெவ்வேறு, ஆனால் ஓர் எண் திரும்பத் திரும்ப வந்திருந்தது: 671197376. ஒரு காலிப் பக்கத்தை 67 கோடிச் சொச்சம் பேர் பிடித்திருக்கிறார்களாம். குப்பை என்று நினைத்தால் குப்பை. ஆனால் குப்பை ஏன் நாலு வெவ்வேறு நாளில் அதே எண்ணாக வர வேண்டும்?

பழக்கத்தில் அதை நாலு பைட்டாகப் பிரித்தேன். 40, 1, 168, 192. இந்த இயந்திரங்களில் சின்ன பைட் முதலில் உட்காரும், ஆகவே நினைவகத்தில் அது இருக்கும் வரிசை தலைகீழ்: 192, 168, 1, 40.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். 192.168.1.40 எங்கள் மாடியில் இருந்த பிரிண்டர்.

பிரிண்டரின் முகவரி எப்படி ஒரு பக்கக் குறிப்பின் கடைசி நாலு பைட்டில் வந்து உட்காரும்? கத்தலுக்குக் கீழே கர்னல் அந்தக் குறிப்பின் 32 பைட்டையும் பச்சையாக அச்சடித்திருந்தது. இத்தனை நாளும் கண்ணில் பட்டதுதான். ஒன்றிரண்டு இடம் பின்னால் வேறு எண்களால் மூடப்பட்டிருந்தன, மற்றவை அப்படியே இருந்தன. தொடக்கத்தில் எல்லா பிட்டும் 1. நடுவில், பைட் வரிசையைத் திருப்பிப் போட்டுப் படித்தால், 08 06 00 01 08 00 06 04. மேடத்தைக் கூப்பிட்டேன். திரையைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார். “ஏஆர்ப்பி. ‘இந்த ஐபி யாருது’ன்னு எல்லாரையும் கேக்கற பாக்கெட். உன் மெமரிக்குள்ள வந்து கேக்குது.”

நெட்வொர்க்கில் எல்லோருக்கும் போகும் பாக்கெட்டின் முதல் ஆறு பைட் முழுக்க 1. அடுத்த ஆறு அனுப்பியவரின் கார்டு எண். பிறகு 0806, அதாவது ஏஆர்ப்பி. எண்ணிக்கொண்டே போனால் அனுப்பியவரின் ஐபி 28-ஆவது பைட்டில் தொடங்கி 31-இல் முடிகிறது. பக்கக் குறிப்போ சரியாக 32 பைட், அதன் கடைசி நாலுதான் ‘எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்’. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து யாரோ அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

மிச்சம் தானாக அவிழ்ந்தது. யு-பூட் என்ற பூட்லோடர் எழுந்ததும் தன்னைத்தானே நினைவகத்தின் உச்சிக்கு நகர்த்திக்கொள்ளும், கீழே கர்னலுக்கு இடம் விட வேண்டுமல்லவா? நெட்வொர்க் பாக்கெட் வாங்கும் பெட்டிகளும் அதனோடு உச்சியில்தான் இருக்கும், நாலு பெட்டி, ஒவ்வொன்றும் 1536 பைட். கர்னலை இழுத்து முடித்ததும் நெட்வொர்க் சிப்பை நிறுத்திவிட்டுத்தான் தாவ வேண்டும். சிப் தயாரித்தவர்கள் கொடுத்த டிரைவரைத் திறந்து பார்த்தேன். நிறுத்தும் ஃபங்ஷன் இருந்தது. அடைப்புக்குறி திறந்து, பிறகு எழுத வேண்டும் என்று ஒரு குறிப்பு, அடைப்புக்குறி மூடியாயிற்று.

ஆகவே பூட்லோடர் செத்த பிறகும் அந்தச் சிப்புக்கு விஷயம் தெரியாது. பாக்கெட் வந்தால் சிபியுவைக் கேட்காமல் நேராகப் பழைய பெட்டியில் போட்டுவிடும். மெம்பிளாக்கோ மேலிருந்து கீழாக இடம் தேடுகிற ஆள், பூட்லோடர் போய்விட்டதால் உச்சி அதற்குக் காலி. அது கொடுக்கும் முதல் பெரிய துண்டே குறிப்பேட்டுக்கான 4 எம்பி. போன ட்ரிப்பில் ஏறியவர் இறங்காமலே உட்கார்ந்திருக்கிறார், துண்டும் போடவில்லை, அவர் மடியிலேயே புதுப் பயணியை உட்கார வைத்தாயிற்று.

கர்னலின் நெட்வொர்க் டிரைவர் எழுந்து சிப்பை ரீசெட் செய்யும்வரை, ஒன்றரை இரண்டு விநாடி. அதற்குள் அதிகபட்சம் நாலு பாக்கெட், பெட்டி நிறைந்துவிட்டால் சிப் தானே நின்றுவிடும். ஒரு ஏஆர்ப்பி பாக்கெட் அடுத்தடுத்த இரண்டு குறிப்பைக் கெடுக்கும். 1,31,072-இல் எட்டு! அந்த எட்டுப் பக்கத்தில் ஒன்றை யாராவது கேட்கும்வரை எல்லாம் சுகமாக ஓடும், அது மூன்றாவது விநாடியாகவும் இருக்கலாம், அரை மணியாகவும் இருக்கலாம். இரவில் ஆபீஸில் யாருமில்லை, யாரும் யாருடைய ஐபியையும் விசாரிப்பதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறப்பார்கள்.

எங்கள் கர்னலில் சிஎம்ஏ போட்டிருக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். 2012-இல் வந்த அந்த வசதி, கேமரா மாதிரிச் சாதனங்களுக்காகப் பெரிய தொடர் பகுதி ஒன்றை ஆரம்பத்திலேயே பிடித்து வைக்கும். அது குறிப்பேட்டுக்கு முன்பே வரிசையில் நிற்பதால் உச்சி அதற்குப் போயிருக்கும். அப்போது அந்தப் பாக்கெட்டுகள் எங்கோ ஒரு கேமரா பிம்பத்தில் நாலைந்து புள்ளியாக விழுந்து மறைந்திருக்கும், இல்லாவிட்டால் யாரும் இன்னும் எழுதாத பக்கத்தில். நாங்களும் சந்தோஷமாக விற்றிருப்போம்.

சரிசெய்வதில்தான் தகராறு. வெள்ளிக்கிழமை ரிலீஸ். உச்சியில் 1 எம்பியை யாரும் தொடாதபடி டிவைஸ் ட்ரீயில் ஒதுக்கிவிடலாம், ஒரு வரி வேலை என்றார் மேனேஜர். “ஒரு எம்பிதானே, போனாப் போகுது.” எனக்கு ஒப்பவில்லை. மெம்பிளாக் செய்ததில் தப்பே கிடையாது, அதனிடம் சொல்லப்பட்டதை வைத்துச் சரியாகக் கணக்கு வைத்திருக்கிறது. தப்பு நிற்காமல் ஓடும் சிப்பில். அதை நிறுத்தாமல் அது எழுதும் இடத்துக்கு வேலி போடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பதுதான் என்று வாதாடினேன். தோற்றேன். யோசித்துப் பார்த்தால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, நான்தான் அப்போது பார்க்கவில்லை: பூட்லோடரைத் திருத்தினாலும் ஏற்கெனவே தொழிற்சாலைக்குப் போன போர்டுகளில் அதை மாற்ற முடியாது, நடுவில் மின்சாரம் போனால் போர்டு செங்கல். கர்னலை மாற்றலாம். ஆகவே வாளியும் வைத்தோம், இரண்டு வாரம் கழித்து அந்தக் காலி ஃபங்ஷனுக்குள் ஆறு வரி எழுதிக் கூரையையும் அடைத்தோம். சிப் கம்பெனிக்கு விவரமாக ஒரு மெயில் அனுப்பினேன். நன்றி என்று ஒரு பதில் வந்தது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அந்த டிவைஸ் ட்ரீயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். “சார், மேல ஒரு எம்பி சும்மா கிடக்குது. எதுக்குன்னே தெரியல. எடுத்துடலாமா?”

கிட் பதிவைத் திறந்தேன். நான் எழுதிய வரிதான்: ‘உச்சியில் 1 எம்பி ஒதுக்கீடு’. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. மெம்பிளாக்கிடம் இருக்கும் நாகரிகம்கூட எனக்கு இல்லாமல் போயிற்று.

பழைய பூட்லோடர் போட்ட போர்டு ஒன்று இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்து, “இதுல நெட்வொர்க் கேபிள் செருகு, அந்த வரியை எடுத்துட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு முப்பது தடவை பூட் பண்ணிப் பாருப்பா. சாகும்போது வர்ற எண்ணிக்கையை எழுதிக்கிட்டு என்கிட்ட வா” என்றேன். பையன் போர்டை வாங்கிக்கொண்டு போனான். பிரிண்டரைத்தான் போன வருடமே மாற்றிவிட்டார்கள்.